டம்ப் எழுத வேண்டிய இடம்: பல வட்டுகளில் பரவிய கோப்பு முறைமையைத் தவறில்லாமல் அடையாளம் காண்பது

லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆகி விழும்போது, அது ஏன் விழுந்தது என்பதற்கான தடயம் முழுவதும் அந்த நொடியில் நினைவகத்தில்தான் இருக்கிறது. ரீபூட் ஆனால் எல்லாம் போய்விடும். அதைக் காப்பாற்றித் தருவதற்காக வந்ததுதான் கேடம்ப். எரிக் பீடர்மேனின் கெக்ஸெக் வசதியை அடித்தளமாகக் கொண்டு விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா முதலிய ஐபிஎம் பொறியாளர்கள் அதை உருவாக்கினார்கள். 2005இல் வந்த 2.6.13 கெர்னலில் இரண்டும் இடம்பிடித்தன.

இதற்குத் தேவையான கோட்பாடு சிறியது. இயந்திரம் தொடங்கும்போதே ‘கிராஷ்கெர்னல்’ என்ற அளவுரு நினைவகத்தில் ஒரு துண்டை ஒதுக்கிவைக்கிறது. பேனிக் ஆனதும் அந்தத் துண்டுக்குள் இரண்டாவது கெர்னல் ஒன்று எழுகிறது. விழுந்த கெர்னலின் நினைவகத்தை அது ‘விஎம்கோர்’ என்ற கோப்பாகப் பார்த்து, அதன் நகலை (இதுவே டம்ப்) வட்டில் எழுதிவிட்டு ரீபூட் செய்கிறது.

எந்த வட்டில் எழுதுவது? இரண்டாவது கெர்னல் இதைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது. நீங்கள்தான் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். கோப்பு முறைமை ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் இது 5 நிமிட வேலை. அதுவே 2, 3 வட்டுகளில் பரவியிருந்தால், வழக்கமாகக் கேட்கும் கட்டளைகள் அரைகுறையான விடையைத் தரும். அந்த விடையை நம்பி அமைத்த கேடம்ப், பிழை எதுவும் காட்டாமல் ‘செயல்படுகிறது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். உண்மை தெரிவது சர்வர் விழும் அன்றுதான்.

இப்படிப்பட்ட அமைப்பு அரிதானதும் அல்ல. 2014இல் ஓப்பன்சூசே 13.2, சூசே லினக்ஸ் என்டர்பிரைஸ் 12 ஆகியவையும், 2020இல் ஃபெடோரா 33 ஒர்க்ஸ்டேஷனும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை இயல்பு அமைப்பாக்கின. இரண்டாவது வட்டு ஒன்றைச் சேர்க்க அதில் ஒரே ஒரு கட்டளை போதும். ரெட் ஹேட் நிறுவனமோ 2019இல் வந்த தன் லினக்ஸின் 8ஆம் பதிப்பில் பிடிஆர்எஃப்எஸ்ஸை நீக்கிவிட்டது. எனவே அந்த நிறுவனத்தின் கேடம்ப் கையேடுகளை மட்டும் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படாமலே போகலாம்.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இந்நூலில் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். குழப்பம் வராதபடி, விருப்பங்களை அவற்றின் நீண்ட பெயராலேயே குறிப்பிடுகிறோம்.)

தொடங்கும் முன்: அங்கேதான் எழுத வேண்டுமா?

டம்ப் எழுதுவதற்கென ஒரு சிறிய தனிப் பார்ட்டிஷனை எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் வடிவில் ஒதுக்க முடிந்தால் அதையே செய்யுங்கள். என்எஃப்எஸ் அல்லது எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்புவதும் நல்ல வழிதான். நினைவகம் குறைவாக, டிரைவர்கள் அரைகுறையாக, பெரும்பாலும் ஒரே சிபியூவுடன் எழுகிற கெர்னலிடம் எவ்வளவு எளிய வேலையைத் தருகிறோமோ அவ்வளவு நல்லது. பல வட்டுக் கோப்பு முறைமை ஏற்றப்பட வேண்டுமென்றால் எல்லா வட்டுகளும் தெரிய வேண்டும். அவற்றில் ஒன்றின் கோளாறே சர்வர் விழக் காரணமாக இருந்தால், டம்ப்பும் அதோடு போய்விடும்.

வேறு இடம் இல்லாதவர்களுக்காகவே இனி வரும் படிகள்.

ஒரு குடும்பம், பல உறுப்பினர்கள்

பிடிஆர்எஃப்எஸ் ஒன்றை 2 வட்டுகளில் உருவாக்கினால், இரண்டிலும் ஒரே யுயுஐடி பதிவாகும். அது கோப்பு முறைமையின் அடையாளம். இதுதவிர ஒவ்வொரு வட்டுக்கும் ‘யுயுஐடி சப்’ என்று தனி எண் ஒன்றும் உண்டு. குடும்ப அட்டை எண் வீட்டுக்கு ஒன்று, ஆதார் எண் ஆளுக்கு ஒன்று என்பதைப் போலத்தான். கேடம்ப்புக்குத் தர வேண்டியது குடும்ப எண். உறுப்பினர் எண்களைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ போன்ற சாதனப் பெயர்கள் இந்த இரண்டில் எதுவும் இல்லை. கெர்னல் வட்டுகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் தற்காலிகமாக ஒட்டிவிடும் பெயர்கள் அவை. இரண்டாவது கெர்னலில் அந்த வரிசை மாறலாம். இன்று எஸ்டிபி என்று தெரியும் வட்டு, பேனிக்குக்குப் பின் எஸ்டிஏ என்று வரலாம்.

அடையாளம் காணும் படிகள்

எடுத்துக்காட்டாக ஒரு ஃபெடோரா சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு என்விஎம்இ வட்டும் ஒரு சாட்டா வட்டும் சேர்ந்து ஒரே பிடிஆர்எஃப்எஸ்ஸாக இருக்கின்றன. டம்ப் போக வேண்டிய இடம் ‘/வார்/கிராஷ்’ அடைவு.

1. அடைவிலிருந்து தொடங்குங்கள், சாதனத்திலிருந்து தொடங்க வேண்டாம். ரூட் பயனராக ‘ஃபைண்ட்எம்என்டி’ கட்டளையை ‘டார்கெட்’ விருப்பத்தோடு /வார்/கிராஷ் அடைவுக்கு இயக்குங்கள். ‘அவுட்புட்’ விருப்பத்தில் சோர்ஸ், எஃப்எஸ்டைப், யுயுஐடி, ஆப்ஷன்ஸ் ஆகிய 4 பத்திகளைக் கேளுங்கள்.

2. சோர்ஸ் பத்தியை நிதானமாகப் படியுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் ஒரு சாதனத்தின் பெயரும், அதையடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் துணைத்தொகுதியின் (சப்வால்யூம்) பாதையும் இருக்கும். மற்ற வட்டு அங்கே தெரியாது. அந்த வரியை அப்படியே நகலெடுத்து அமைவுக் கோப்பில் ஒட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அடைப்புக்குறி இல்லாமல் பெயர் மட்டும் வேண்டுமானால் ‘நோஎஃப்எஸ்ரூட்’ விருப்பத்தைச் சேருங்கள்.

3. யுயுஐடி பத்தியில் உள்ளதைக் குறித்துக்கொண்டு, கோப்பு முறைமையிடமே நேரடியாகக் கேட்டு ஒப்பிடுங்கள். ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ஷோ’ கட்டளைக்கு ஏற்றப்பட்ட இடத்தின் பாதையைக் கொடுத்தால் யுயுஐடி, மொத்தச் சாதனங்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் வரிசை எண், அளவு, பாதை எல்லாம் வரும். நம் சர்வரில் மொத்தம் 2 என்று இருக்க வேண்டும். 2 என்று சொல்லிவிட்டு ஒரே பாதையைக் காட்டினாலோ, சில சாதனங்களைக் காணவில்லை என்று எச்சரித்தாலோ இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் வட்டைச் சரிசெய்யுங்கள்.

4. மூன்றாவது சாட்சியாகக் கெர்னலையே கேளுங்கள். ‘/சிஸ்/எஃப்எஸ்/பிடிஆர்எஃப்எஸ்’ அடைவுக்குள் உங்கள் யுயுஐடியின் பெயரிலேயே ஓர் அடைவு இருக்கும். அதற்குள் ‘டிவைசஸ்’ என்ற அடைவில் இந்த நொடியில் கெர்னல் பயன்படுத்தும் எல்லா உறுப்பினர்களும் வரிசையாக இருப்பார்கள். மூன்று பட்டியல்களில் நம்பத் தகுந்தது இதுதான்.

5. கடைசியாக ஒவ்வொரு உறுப்பினர் மீதும் ‘பிஎல்கேஐடி’ கட்டளையை ‘ப்ரோப்’ விருப்பத்தோடு இயக்குங்கள். இந்த விருப்பம் பழைய சேமிப்புக் கோப்பைப் பார்க்காமல் வட்டை நேரடியாகப் படிக்கும். எல்லாவற்றிலும் யுயுஐடி ஒன்றாகவும், யுயுஐடி சப் வெவ்வேறாகவும் இருந்தால் அடையாளம் உறுதி.

குறிப்பு: ‘/டெவ்/டிஸ்க்/பை-யுயுஐடி’ அடைவில் உங்கள் யுயுஐடிக்கு ஒரே ஓர் இணைப்புதான் இருக்கும்; அது உறுப்பினர்களில் ஏதோ ஒன்றைச் சுட்டும். இணைப்பை அப்படியே பயன்படுத்துவதில் தவறில்லை. அது போய்ச் சேரும் சாதனப் பெயரைத் தேடி எடுத்து எழுதுவதுதான் தவறு. ‘டிஎஃப்’ கட்டளை தரும் பெயருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எண்ணைக் கொண்டு தேடினால் ஏன் தோற்கிறது?

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு வழியைப் பிடிப்பார்கள்: கோப்பின் சாதன எண்ணை எடுத்து, ‘/சிஸ்/டெவ்/பிளாக்’ அடைவில் அதைத் தேடி, அங்கிருந்து அடியில் உள்ள வட்டுகளை அடைவது. எக்ஸ்ட்4இல் இது சரியாக நடக்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் நடக்காது. அது தன் துணைத்தொகுதிகளுக்கு உண்மையான வட்டோடு தொடர்பில்லாத எண்களைத் தருகிறது. ‘/ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோ’ கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த வரியில் 0:35 போல, முதல் பகுதி 0 ஆன எண்ணைக் காணலாம். அந்த எண்ணில் எந்த பிளாக் சாதனமும் கிடையாது.

பிகேஷ்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. 2024 ஜனவரியில் 6.7 கெர்னலோடு வந்து, பின்னர் முதன்மைக் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டுத் தனித் தொகுதியாகத் தொடர்கிற கோப்பு முறைமை அது. அதில் சோர்ஸ் பத்தியில் எல்லா உறுப்பினர்களும் முக்காற்புள்ளியால் கோக்கப்பட்டு ஒரே சரமாக வரலாம்: ‘/டெவ்/எஸ்டிஏ:/டெவ்/எஸ்டிபி’ என்பதுபோல. அப்படியொரு சாதனம் உலகில் இல்லை. அந்தச் சரத்தை பிஎல்கேஐடிக்குத் தந்தால் விடை வராது. முக்காற்புள்ளியில் பிரித்து, ஏதாவது ஓர் உறுப்பினர் மீது ‘பிகேஷ்எஃப்எஸ் ஷோ-சூப்பர்’ கட்டளையை இயக்குங்கள். ‘எக்ஸ்டர்னல் யுயுஐடி’ என்று காட்டுவதுதான் உங்களுக்கு வேண்டியது. அதன் அருகிலேயே உள்ள ‘இன்டர்னல் யுயுஐடி’யை எடுத்துவிடாதீர்கள்.

ஒரே எண் இரண்டு இடத்தில் தெரிந்தால் எல்லாம் பல வட்டுக் கோப்பு முறைமை அல்ல

இரண்டு வட்டுகளில் ஒரே யுயுஐடியைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வகையையும் சேர்த்துப் பாருங்கள்.

எம்டி ரெய்டின் உறுப்பினர்களும் ஒரே யுயுஐடியையும் வெவ்வேறு யுயுஐடி சப்களையும் காட்டும். ஆனால் வகை ‘லினக்ஸ் ரெய்ட் மெம்பர்’ என்றிருக்கும். அது ரெய்ட் தொகுப்பின் எண். கேடம்ப்புக்கு வேண்டியது, தொகுப்புக்கு மேலே உள்ள கோப்பு முறைமையின் எண். ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை ‘இன்வர்ஸ்’ விருப்பத்தோடு இயக்கினால் மேலிருந்து கீழ்நோக்கிய படம் கிடைக்கும். எல்விஎம்முக்கும் இதே வழி.

மல்டிபாத் சேமிப்பகத்தில் ஒரே வட்டு இரண்டு பாதைகளில் இரண்டு பெயர்களோடு வரும். அங்கே யுயுஐடி சப்பும் ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு அதில் தெரிந்துவிடும்.

ஆபத்தானது நகல் வட்டு. ‘டிடி’ கட்டளையால் ஒரு பிடிஆர்எஃப்எஸ் வட்டைப் படியெடுத்து, மூலத்தையும் நகலையும் ஒரே இயந்திரத்தில் செருகினால் குடும்ப எண், உறுப்பினர் எண் இரண்டுமே ஒன்றாக இருக்கும். எதில் எழுதுவது என்று கெர்னல் குழம்பினால் தரவு கெடலாம். எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கும் இது பொருந்தும். நகலைக் கழற்றிவிடுங்கள். அதை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், ஏற்றப்படாத நிலையில் ‘பிடிஆர்எஃப்எஸ்டியூன்’ கருவியால் நகலின் யுயுஐடியை மாற்றுங்கள்.

இசட்எஃப்எஸ்ஸில் சோர்ஸ் பத்தி சாதனத்தையே காட்டாமல் பூல் பெயரைக் காட்டும். அங்கே போராடாமல் வேறு இலக்கைத் தேர்ந்தெடுப்பது மேல். வட்டுகள் தனித்தனியாக மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் அப்படியே: கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய அந்த நேரத்தில் யாரும் இருக்கப்போவதில்லை.

அமைவுக் கோப்பில் எழுதுவது

6. ‘/எட்க்/கேடம்ப்.கான்ஃப்’ கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு திறங்கள். ‘பிடிஆர்எஃப்எஸ்’ என்ற சொல், ஓர் இடைவெளி, ‘யுயுஐடி=’ என்பதை ஒட்டி உங்கள் எண் என ஒரே வரியாக எழுதுங்கள். சாதனப் பெயர் இந்தக் கோப்பில் எங்கும் இருக்கக் கூடாது.

7. ‘பாத்’ வரியைச் சரிபாருங்கள். இலக்கைத் தனியாகக் குறிப்பிட்டால், பாதை அந்தக் கோப்பு முறைமை ஏற்றப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படும். /எம்என்டி/டம்ப் என்ற இடத்தில் ஏற்றியிருந்து, பாதை /வார்/கிராஷ் என்றிருந்தால், டம்ப் போய்ச் சேரும் இடம் /எம்என்டி/டம்ப்/வார்/கிராஷ். அந்த அடைவை முன்பே உருவாக்கி வையுங்கள். 10ஆம் படியை இயக்கும் நேரத்தில் கோப்பு முறைமை ஏற்றப்பட்டும் இருக்க வேண்டும்.

8. துணைத்தொகுதியை மறக்காதீர்கள். யுயுஐடியை மட்டும் கொடுத்து ஏற்றினால் பிடிஆர்எஃப்எஸ் தன் இயல்புத் துணைத்தொகுதியைத் திறக்கும். நீங்கள் பார்த்துப் பழகிய பாதை அங்கே இல்லாமல் போகலாம். எனவே ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் அந்த இடத்துக்கான வரியில் ‘சப்வால்’ விருப்பம் தெளிவாக இருக்கட்டும்.

9. இடத்தைக் கணக்கிட ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். வட்டுகளின் அளவு வேறுபட்டால் டிஎஃப் காட்டும் காலி இடத்தை நம்ப முடியாது.

10. ‘கேடம்ப்சிடிஎல் ரீபில்ட்’, பிறகு ‘கேடம்ப்சிடிஎல் ரீஸ்டார்ட்’. ‘/சிஸ்/கெர்னல்/கெக்ஸெக்_கிராஷ்_லோடட்’ கோப்பில் 1 இருந்தால் இரண்டாவது கெர்னல் ஏறிவிட்டது.

டெபியன், உபுண்டுவில் அமைவு ‘/எட்க்/டிஃபால்ட்/கேடம்ப்-டூல்ஸ்’ கோப்பிலும், சூசேயில் ‘/எட்க்/சிஸ்கான்ஃபிக்/கேடம்ப்’ கோப்பிலும் இருக்கும். கோப்பின் பெயர் மாறினாலும் 1 முதல் 5 வரையான படிகள் மாறுவதில்லை.

இமேஜைத் திறந்து பார்ப்பது

பலர் 10ஆம் படியோடு நின்றுவிடுகிறார்கள். கெர்னல் ஏறிவிட்டது என்பதற்கு, அதனால் இரண்டு வட்டுகளையும் பார்க்க முடியும் என்று பொருள் இல்லை. கேடம்ப்புக்காக உருவாகும் சிறிய இனிட்ராம்எஃப்எஸ் இமேஜில், இடத்தை மிச்சப்படுத்த, தேவை என்று கருதப்பட்ட டிரைவர்கள் மட்டுமே சேர்க்கப்படும். கருவி ஓர் உறுப்பினரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், நம் சர்வரில் என்விஎம்இ டிரைவர் உள்ளே போகும். சாட்டாவுக்கான ‘ஏஎச்சிஐ’ வெளியே நின்றுவிடும். யுயுஐடி முற்றிலும் சரியாக இருந்தும், ஏற்றுவது தோற்கும்.

11. ‘எல்எஸ்இனிட்ஆர்டி’ கட்டளையை ‘பூட்’ அடைவில் பெயரின் முடிவில் ‘கேடம்ப்.ஐஎம்ஜி’ என்றுள்ள கோப்பின் மீது இயக்குங்கள். தொடக்கத்திலேயே ‘ஆர்க்யுமென்ட்ஸ்’ என்று ஒரு நீண்ட வரி வரும். அதில் ‘மவுண்ட்’ என்ற சொல்லைத் தேடி, அருகில் உங்கள் யுயுஐடியும் ‘சப்வால்’ விருப்பமும் இருக்கின்றனவா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

12. அதே வெளியீட்டில் ‘பிடிஆர்எஃப்எஸ்’ கட்டளை, அதன் யுடெவ் விதிக் கோப்பு, இரண்டு வட்டுகளுக்குமான டிரைவர்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். எந்த வட்டுக் கட்டுப்படுத்திக்கு எந்த டிரைவர் என்பதை ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை ‘கே’ விருப்பத்தோடு இயக்கினால் சொல்லும். விடுபட்டதை கேடம்ப்.கான்ஃப் கோப்பில் ‘எக்ஸ்ட்ரா_மாட்யூல்ஸ்’ வரியில் சேர்த்து, இமேஜை மறுபடி உருவாக்குங்கள். டிரைவர்கள் கூடினால் நினைவகத் தேவையும் கூடும். ‘கேடம்ப்சிடிஎல் எஸ்டிமேட்’ சொல்லும் அளவோடு ஒதுக்கீட்டை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை: வேண்டுமென்றே விழவைப்பது

பாதுகாப்பு முதலில். இந்தச் சோதனை இயந்திரத்தை உடனடியாக வீழ்த்தும். சேமிக்காதது எதுவும் மிஞ்சாது. முதல் முறை 2 மெய்நிகர் வட்டுகள் கொண்ட ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் செய்து பழகுங்கள். உண்மையான சர்வர் என்றால் காப்புப் பிரதி எடுத்து, பயனர்களுக்கு அறிவித்து, தரவுத்தளங்களை நிறுத்தி, தொலைக் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

13. சோதனைக்காக மட்டும் ‘ஃபெயிலியர்_ஆக்‌ஷன்’ வரியை ‘ஷெல்’ என்று மாற்றி இமேஜை மறுபடி உருவாக்குங்கள். டம்ப் தோற்றால் இயந்திரம் ரீபூட் ஆகாமல் ஒரு முனையத்தைத் தரும். காரணத்தை அங்கேயே பார்க்கலாம்.

14. ‘சிங்க்’ கட்டளையைத் தந்துவிட்டு, ரூட் பயனராக ‘சி’ என்ற எழுத்தை ‘/ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர்’ கோப்புக்குள் எழுதுங்கள். ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி அம்புக்குறியால் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். அம்புக்குறி சூடோவுக்கு உட்பட்டதல்ல. ‘டீ’ கட்டளைக்கு சூடோ போட்டுக் குழாய் வழியாக அனுப்புங்கள்.

15. இயந்திரம் திரும்பி வந்ததும் இலக்கு அடைவில் தேதியோடு கூடிய புதிய அடைவு இருக்க வேண்டும். அதற்குள் ‘விஎம்கோர்’, ‘விஎம்கோர்-டிமெஸ்ஜ்.டிஎக்ஸ்டி’ இரண்டும் இருந்தால் வெற்றி. ‘விஎம்கோர்-இன்கம்ப்ளீட்’ என்று இருந்தால் எழுதும்போது பாதியில் நின்றிருக்கிறது. முதலில் காலி இடத்தைப் பாருங்கள்.

16. வட்டுகளின் வரிசையை மாற்றிவிட்டு இன்னொரு முறை விழவையுங்கள். மெய்நிகர் இயந்திரத்தில் இது ஒரு நிமிட வேலை. எங்காவது சாதனப் பெயர் ஒளிந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும்.

தோற்றுப்போய் முனையம் வந்தால், திரையில் ‘ஓப்பன்_சிட்ரீ ஃபெயில்ட்’ என்ற செய்தியைத் தேடுங்கள். அதற்கு மேலே ஒரு சாதனத்தின் வரிசை எண்ணைச் சொல்லி அது காணவில்லை என்றிருந்தால், அந்த வட்டுக்கான டிரைவர் உள்ளே வரவில்லை அல்லது வட்டு மெதுவாக எழுகிறது. ‘பிடிஆர்எஃப்எஸ் டிவைஸ் ஸ்கேன்’ தந்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். அப்போது ஏறினால் தாமதம்தான் காரணம். அப்போதும் ஏறாவிட்டால் 12ஆம் படிக்குத் திரும்புங்கள். அவசரத்துக்கு ‘டிகிரேடட்’ விருப்பத்தை நிரந்தரமாகப் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டாம். மெதுவாக எழும் வட்டைக்கூட இல்லாததாகக் கருதி, ரெய்ட் தொகுப்பை ஒற்றை வட்டில் எழுதத் தொடங்கிவிடும்.

சோதனை முடிந்ததும் ‘ஃபெயிலியர்_ஆக்‌ஷன்’ வரியை ‘ரீபூட்’ என்று திருப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த பேனிக்கில் சர்வர் முனையத்திலேயே காத்துக்கிடக்கும். சோதனை டம்ப்பையும் அழித்துவிடுங்கள். அதில் கடவுச்சொற்கள், மறையாக்கத் திறவுகோல்கள் உட்பட நினைவகத்தில் இருந்த எதுவும் இருக்கலாம். இலக்கு அடைவை ரூட் மட்டும் படிக்கும்படி 700 அனுமதியில் வையுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் வட்டு ஒன்றைச் சேர்த்தாலோ மாற்றினாலோ கோப்பு முறைமையின் யுயுஐடி மாறாது. அதனால் கேடம்ப்.கான்ஃப் பழையபடியே சரியாகத் தெரியும். ஆனால் புதிய வட்டுக்கான டிரைவர் பழைய இமேஜில் இல்லாமல் இருக்கலாம். வட்டை மாற்றிய அன்றே இமேஜை மறுபடி உருவாக்கி, 11 முதல் 15 வரையான படிகளை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.